மொத்தப் பணமா? மாதப் பணமா?
ஊனத்தோடு வீடு திரும்பும் ஜவான் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

மும்பையில் சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கம் வங்கி வாசல்களில் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் காவலர்களைப் பார்க்கலாம். பலர் முன்னாள் பட்டாளத்துக்காரர்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. மடிப்புக் கலையாத சட்டை, ஒழுங்காகக் கத்தரித்த மீசை. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஒருவர் இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். இன்னொருவர் ஒரு பக்கக் காதைத் திருப்பித்தான் பேச்சைக் கேட்பார்.

அந்தக் காலுக்கும் காதுக்கும் அரசாங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை ஜவான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டாரா என்பதுதான் கேள்வி.

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல, வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்த ஊர்களில் பென்ஷன் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஊனத்துக்காக வரும் பணத்தை மொத்தமாக வாங்கினால் என்ன ஆகும், மாதா மாதம் வாங்கினால் என்ன ஆகும் என்று கேட்டால் பெரியவர்களும் தயங்குவார்கள்.

ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும் விஷயம் இது. போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற முடியாது.

இரண்டு வகை ஜவான்கள்

ராணுவத்தில் ஊனம் அடைந்தவருக்கு இரண்டில் ஒன்று நடக்கும்.

இனி இவரால் பணியாற்ற முடியாது என்று மெடிக்கல் போர்டு முடிவு செய்தால், காலம் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பட்டாளத்துப் பேச்சில் இதற்கு 'போர்டு அவுட்' என்று பெயர்.

இப்படி அனுப்பப்படுகிறவரின் ஊனம் ராணுவ சேவையால் வந்தது, அல்லது சேவையால் அதிகமானது என்று ஏற்கப்பட வேண்டும். 20 சதவீதமோ அதற்கு மேலோ என்று மதிப்பிடப்படவும் வேண்டும். அப்போது ஊன பென்ஷன் உண்டு. அதில் இரண்டு பங்கு இருக்கிறது. செய்த சேவைக்கு ஒரு பங்கு. அடைந்த ஊனத்துக்கு ஒரு பங்கு. சாதாரணமாக ஜவானுக்குப் பென்ஷன் கிடைக்க 15 ஆண்டு சேவை வேண்டும். போர்டு அவுட் ஆகி ஊன பென்ஷன் பெறுகிறவருக்கு 15 ஆண்டு நிரம்பாவிட்டாலும் சேவைப் பங்கு உண்டு.

இரண்டாவது வகை ஜவான், ஊனம் இருந்தும் பணியில் வைத்துக்கொள்ளப்படுகிறவர். மருத்துவத் தரத்தைக் குறைத்து, ஸ்டோர், ஆபீஸ், சமையல் கூடம் என்று இலகுவான வேலை கொடுப்பார்கள். அவர் தன் காலத்தை முடித்து எல்லோரையும் போல ஓய்வு பெறுவார். மொத்தமா, மாதமா என்ற கேள்வி இவருக்குத்தான் வருகிறது.

2001-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி ராணுவ அமைச்சகம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஊனத்தோடு பணியில் தொடரும் ஜவான் முன் அது இரண்டு வழிகளை வைத்தது. ஒன்று, ஊனத்துக்கான தொகையை உடனே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். மற்றொன்று, இப்போது எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு சேவை பென்ஷனோடு ஊனப் பங்கையும் மாதா மாதம் ஆயுள் முழுவதும் வாங்கலாம்.

முதல் வழியைத் தேர்ந்தெடுத்தால் என்ன? அதையும் அந்த உத்தரவு தெளிவாகச் சொல்கிறது. மொத்தத் தொகை கொடுத்த பிறகு, அதே ஊனத்துக்காக மாதப் பங்கு கிடையாது. பின்னால் வேறு எந்தப் பென்ஷன் சலுகைக்கும் அந்த ஊனத்தைக் காட்ட முடியாது. கணக்கு அதோடு தீர்ந்தது.

சேவை பென்ஷன் இதனால் குறையாது. தடை அந்த ஒரு ஊனத்துக்கு மட்டும்தான். முழங்காலுக்காக மொத்தப் பணம் வாங்கியவருக்கு, பின்னால் காது கெட்டு அது தனியாக ஏற்கப்பட்டால், காதுக்கான உரிமை போய்விடாது.

பென்ஷன் விற்பது வேறு

இங்கே பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ரெயில்வேயிலும் தபால் இலாகாவிலும் ஓய்வு பெறுகிறவர்கள் பென்ஷனில் ஒரு பகுதியை விற்று மொத்தமாகப் பணம் வாங்குவது வழக்கம். கம்யூட்டேஷன் என்பார்கள். 15 ஆண்டு கழிந்ததும், விற்ற பகுதி திரும்ப வந்துவிடும்.

"அது போலத்தானே இதுவும்? பதினைந்து வருஷம் கழித்துத் திரும்ப வராதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

வராது. ஊனத்துக்காக வாங்கிய மொத்தத் தொகைக்கு மீட்சி இல்லை. 80 வயது வரை வாழ்ந்தாலும் இல்லை.

கணக்கு இதோ

ஓர் உதாரணம் பார்ப்போம். 2020-ல் 38 வயதில் ஓய்வு பெற்ற ஒரு நாயக். கடைசிச் சம்பளம் ரூ.40,000 என்று வைத்துக்கொள்வோம். ஊனம் 30 சதவீதம்.

2006-ம் ஆண்டு முதல் உள்ள முறைப்படி, 100 சதவீத ஊனத்துக்கு ஊனப் பங்கு என்பது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அதாவது ரூ.12,000. ஊனம் குறைந்தால் அதே விகிதத்தில் தொகையும் குறையும். இவருக்கு 30 சதவீத ஊனம் என்பதால் மாதம் ரூ.3,600. ஆண்டுக்கு ரூ.43,200.

மொத்தமாக வாங்கினால் எவ்வளவு? ஆண்டுத் தொகையை, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். பென்ஷன் விற்கப் பயன்படும் அட்டவணைதான் இதற்கும். 2008-க்குப் பிறகு வந்த அட்டவணையில், பணியில் இருக்கும் வயதினருக்கு அந்த எண் ஒன்பதைச் சுற்றி வரும். ஒன்பது என்றே வைத்துக்கொண்டால் ரூ.3,88,800.

ஏறத்தாழ நாலு லட்சம். கையில் வரும்போது பெரிய பணம்தான்.

மாதமாக வாங்கினால்? இந்த நாயக் 70 வயது வரை வாழ்ந்தாலே 32 ஆண்டு. 43,200-ஐ 32-ஆல் பெருக்கினால் ரூ.13,82,400. இதற்கு மேல் அகவிலை நிவாரணம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அது திருத்தப்படும். சம்பளக் கமிஷன் வரும்போது பென்ஷனும் திருத்தப்படும். மொத்தமாக வாங்கிய பணத்துக்கு இவை எதுவும் இல்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். மொத்தப் பணம் சில ஆண்டுகள் முன்னதாகவே கைக்கு வருகிறது. நாலு லட்சத்தைச் செலவு செய்யாமல் வங்கியில் போட்டால் 7 சதவீத வட்டியில் மாதம் ரூ.2,268 வரும், முதலும் அப்படியே இருக்கும். ஜவான் சீக்கிரம் இறந்துபோனால் மாத ஊனப் பங்கு அவரோடு நின்றுவிடும். மொத்தப் பணம் வாங்கியிருந்தால் குடும்பத்திடம் இருக்கும்.

ஆனால் அந்தப் பணத்தைச் செலவு செய்யாமல் வைத்திருப்பவர் எத்தனை பேர்? தங்கை கல்யாணம் இருக்கும். ஊரில் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட வேண்டியிருக்கும். அண்ணன் வாங்கிய கடன் வாசலில் நிற்கும். "நாளைக்கு யார் கண்டது? மொத்தமா வாங்கிடுப்பா" என்று பாரக்கில் பக்கத்துக் கட்டில்காரர் சொல்வார். சொல்கிறவர் மீது தப்பில்லை. முப்பது வயதில் எழுபது வயது தெரிவதில்லை.

20 எப்படி 50 ஆகும்?

மாதமாக வாங்குகிறவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. அதே 2001 உத்தரவில் அந்த வழியும் இருந்தது. மருத்துவர்கள் போடும் சதவீதம் துல்லியமாக இருக்க முடியாது. ஒரு போர்டு 30 என்று போடும். மற்றொரு போர்டு 40 என்று போடும். இந்தத் தகராறைக் குறைக்க, சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கும் முறையை அரசு கொண்டுவந்தது. 50-க்குக் கீழே இருந்தால் 50 என்று கொள்வது. 50 முதல் 75 வரை இருந்தால் 75. அதற்கு மேல் போனால் 100.

முதலில் போர்டு அவுட் ஆனவர்களுக்கு மட்டும் இது கொடுக்கப்பட்டது. காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கு இல்லை என்றார்கள். "ஊனம் ஒன்றுதானே, சலுகையில் ஏன் வேறுபாடு?" என்று முன்னாள் ராணுவத்தினர் வழக்குகள் போட்டார்கள். 2014 டிசம்பர் 10-ந் தேதி, ராம் அவதார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கும் இந்தச் சலுகை உண்டு என்றது.

நம் நாயக் கணக்கில் இதைச் சேர்த்துப் பாருங்கள். 30 சதவீதம் 50 ஆகிறது. மாதம் ரூ.3,600 என்பது ரூ.6,000 ஆகிறது. 32 ஆண்டுக்கு அகவிலை நிவாரணம் இல்லாமலே ரூ.23,04,000. நாலு லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் விட்டுக்கொடுத்தது இவ்வளவு.

அமெரிக்காவில் எப்படி?

இந்தச் சிக்கல் நம் நாட்டில் மட்டும் இல்லை. உலகத்திலேயே பெரிய செலவில் ராணுவம் நடத்தும் அமெரிக்காவிலும் இதே கேள்வி இருக்கிறது. அங்கே விடை வேறு.

அமெரிக்க ராணுவத்தில் 20 ஆண்டு சேவை முடிக்காதவர், 30 சதவீதத்துக்குக் குறைந்த ஊனத்தோடு பணிக்குத் தகுதியற்றவர் என்று முடிவானால், மொத்தமாக ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாதச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. அதைச் சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மாதம் 3,000 டாலர் சம்பளத்தில் 6 ஆண்டு பணியாற்றியவருக்கு 36,000 டாலர். எவ்வளவு காலம் பணியாற்றியிருந்தாலும் 19 ஆண்டுக்கு மேல் கணக்கில் சேராது.

வெளியே வந்த பிறகு, முன்னாள் படைவீரர் துறை என்ற வேறொரு இலாகா அவருக்கு மாதா மாதம் ஊன உதவித்தொகை கொடுக்கும். ஒரே ஊனத்துக்கு இரண்டு இலாகாவும் பணம் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். எனவே மாதத் தொகையை நிறுத்திவைத்து, மொத்தமாகக் கொடுத்தது கழியும் வரை பிடித்துக்கொள்வார்கள். 20 சதவீத ஊனத்துக்கு அங்கே மாதம் சுமார் 350 டாலர். 36,000 டாலர் கழிய எட்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவரை அந்த ஊனத்துக்காக ஒரு காசும் வராது. மொத்தப் பணத்தைக் கைமாற்றுக் கடன் அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு இது பெரிய இடி.

ஆனால் சில பாதுகாப்புகள் உண்டு. வேறு ஊனத்துக்குத் தகுதி இருந்தால் அதற்கான பணத்தில் கை வைக்கக் கூடாது. முதலில் மதிப்பிட்ட சதவீதத்துக்கு உரிய தொகையைத்தான் பிடிக்கலாம். பின்னால் ஊனம் அதிகமாகி மாதத் தொகை உயர்ந்தால், உயர்ந்த பகுதி அவர் கைக்கு வந்துவிடும். போர்க்களத்தில் ஊனமானவருக்கு, 2008 ஜனவரி 28 முதல் வந்த சட்டத்தின்படி, பிடித்தமே இல்லை. மொத்தத் தொகையும் அவருக்கே. மாதத் தொகையும் அவருக்கே.

வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே மொத்தப் பணம் ஒரு முன்பணம் போல. கழிந்ததும் மாதப் பணம் தொடங்கிவிடும். இங்கே மொத்தப் பணம் முழுத் தீர்வு. கழிவதும் இல்லை, தொடங்குவதும் இல்லை. அதனால்தான் அமெரிக்கச் சிப்பாயைவிட நம் ஜவான் கையெழுத்துப் போடும் முன் அதிகமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

'சேவையால் வந்ததல்ல' என்றால்?

இவ்வளவும் ஊனம் சேவையால் வந்தது என்று ஏற்கப்பட்ட பிறகுதான். அதை ஏற்காவிட்டால்? பத்து ஆண்டு சேவை இருந்தால் இன்வாலிட் பென்ஷன். அதற்குக் குறைந்தால் பழைய நாளில் இன்வாலிட் கிராஜுவிட்டி என்ற மொத்தத் தொகையோடு அனுப்பிவிடுவார்கள். 2020 ஜூலையில் வந்த உத்தரவு, 2019 ஜனவரி 4-ந் தேதியோ பிறகோ பணியில் இருந்தவர்களுக்கு இதைத் தளர்த்தியது. சிவில் வேலையும் செய்ய முடியாத அளவுக்கு நிரந்தரமாக முடங்கியவர், பத்து ஆண்டு இல்லாவிட்டாலும் இன்வாலிட் பென்ஷன் பெறலாம்.

"உங்கள் வியாதிக்கும் ராணுவ சேவைக்கும் சம்பந்தம் இல்லை" என்ற ஒரு வரியால் ஏமாந்து வீடு திரும்பியவர்கள் ஏராளம். அந்த வரியை எதிர்த்து நின்றவர் தரம்வீர் சிங் என்ற ஜவான். 1985-ல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். சுமார் ஒன்பது ஆண்டு சேவைக்குப் பிறகு, 1994-ல் வலிப்பு நோய் என்று 20 சதவீத ஊனத்தோடு அனுப்பப்பட்டார். ஊன பென்ஷன் மறுக்கப்பட்டது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2013 ஜூலையில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சேரும்போது மருத்துவர்கள் பரிசோதித்துத்தான் எடுக்கிறார்கள். அப்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய்க்குச் சேவைதான் காரணம் என்று நிரூபிப்பது ஜவானின் வேலை அல்ல. சந்தேகம் இருந்தால் அதன் பலன் ஜவானுக்கு. தீர்ப்பின் சாரம் இதுதான்.

தாமதத்துக்கு விலை

உரிமை இருந்தும் கேட்காமல் இருந்தால் என்ன நஷ்டம்? அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. தர்சேம் சிங் என்ற ஜவான் 1983-ல் போர்டு அவுட் ஆனார். ஊன பென்ஷன் கேட்டு ஐகோர்ட்டுக்குப் போனது 1999-ல். பென்ஷன் கிடைத்தது. ஆனால் 16 ஆண்டுப் பாக்கி கிடைக்கவில்லை. பென்ஷன் மறுப்பது மாதா மாதம் தொடரும் தவறு என்பதால் தாமதமாக வந்தாலும் வழக்குக் கேட்கப்படும். பாக்கி மட்டும் வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அவர் இழந்தது 13 ஆண்டுப் பணம்.

அக்னிவீருக்கு வேறு கணக்கு

2022 ஜூன் 14-ந் தேதி அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் சேரும் இளைஞர்களுக்கு இந்தத் தேர்வே இல்லை. நான்கு ஆண்டுச் சேவைக்குப் பென்ஷன் கிடையாது. சேவையால் ஊனமானால் ஒரே தடவை கருணைத் தொகை: 100 சதவீத ஊனத்துக்கு ரூ.44 லட்சம், 75 சதவீதத்துக்கு ரூ.25 லட்சம், 50 சதவீதத்துக்கு ரூ.15 லட்சம். மீதமுள்ள காலத்துச் சம்பளமும் சேவா நிதியும் சேரும். இருபது வயதுப் பையன் அந்த மொத்தப் பணத்தைக் கொண்டு ஐம்பது ஆண்டு காலம் தள்ள வேண்டும். பிள்ளையை அனுப்பும் பெற்றோர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

மும்பையிலேயே வழி உண்டு

"ஊருக்குப் போனால்தான் காகிதம் தேட முடியும், சென்னைக்குப் போனால்தான் வழக்குப் போட முடியும்" என்று சும்மா இருப்பவர்கள் இங்கே உண்டு. அது சரியல்ல.

ராணுவத்தினர் வழக்குகளுக்கு என்றே 2007-ம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009 ஆகஸ்டு முதல் நடக்கிறது. டெல்லியில் தலைமை அமர்வு. சென்னை, கொச்சி, மும்பை உள்பட பல ஊர்களில் கிளை அமர்வுகள். ஓய்வு பெற்றவர் தான் வசிக்கும் இடத்துக்கு உரிய அமர்விலேயே மனுப் போடலாம். எனவே செம்பூரில் இருப்பவர் மும்பையிலேயே போடலாம்.

அதற்கு முன், பென்ஷன் மறுத்த உத்தரவை எதிர்த்து ராணுவத்திடமே மேல்முறையீடு செய்ய வேண்டும். தன் பிரிவின் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதி, மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் நகல் கேட்டு வாங்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் என்ஜினீயர் குரூப்பின் 'தம்பி'களுக்குப் பெங்களூரில். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் ஒரு கட்டாக இருக்கட்டும். வசிக்கும் மாவட்டத்து சைனிக் அலுவலகம் மனு எழுத உதவும்.

2023 செப்டம்பர் 21 முதல் ஊன பென்ஷனுக்குப் புதிய விதிகள் வந்திருக்கின்றன. அந்த நாளுக்கு முன்பே வெளியேறியவர்களுக்கு அவை பொருந்தாது. அதற்குப் பிறகு வெளியேறுகிறவர்கள், தங்களுக்கு எந்த விதி என்பதை ரெக்கார்டு ஆபீசில் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னும் பணியில் இருக்கும் தம்பி, அண்ணன் மகன், அக்காள் மாப்பிள்ளை யாராவது ஊனத்தோடு இலகு வேலையில் இருந்தால், அடுத்த தடவை பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள். ஊனம் சேவையால் வந்தது என்று போர்டு எழுதியிருக்கிறதா? எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது? மொத்தப் பணத்துக்கு ஏதாவது காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்களா?

மூன்றாவது கேள்விக்கு "ஆமாம்" என்றால், கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, எழுபது வயது வரை ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்கட்டும். பிறகு எந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டாலும் அது தெரிந்து போட்ட கையெழுத்தாக இருக்கும்.